கல்கத்தா மூங்கிலும் தக்கைப் பிடியும்: தூண்டில் கோலின் மேற்பரப்பில் ஒரு வரலாறு

சென்ற ஆண்டு ஒரு கருத்தரங்கில் நான் வாசித்த கட்டுரையில் ஒரு தொடர் பிழையானது. இந்த நீண்ட பதிவு அதைத் திருத்துவதற்காக எழுதப்படுகிறது. அந்தத் தொடர் இதுதான்: “பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏற்றுமதியான கல்கத்தாப் பிரம்பின் மீது காணப்படும் தீத்தழும்புகள் சமயச் சடங்கொன்றின் அடையாளங்கள்.” இவ்வொரு தொடரில் இரண்டு தவறுகள் உள்ளன. ஒன்று சொல்லைப் பற்றியது. மற்றொன்று மனிதர்களைப் பற்றியது. முதல் தவறு அகராதியைப் புரட்டியபோது தெரிந்தது. இரண்டாவது தெரிவதற்குக் கொல்கத்தாவில் ஒருவர் தூண்டில் கோலின் பிடியை உப்புத்தாளால் தேய்ப்பதைப் பார்க்க வேண்டியிருந்தது.

என் ஆய்வு வணிகப் பெயர்களைப் பற்றியது. சரக்கு விளைந்த இடத்தை விட்டுவிட்டு, அது கப்பலேறிய துறைமுகத்தின் பெயரையே சரக்குக்குச் சூட்டும் வழக்கம் பழமையானது. கோழிக்கோட்டிலிருந்து போன துணி ‘காலிகோ’ ஆயிற்று; அதை நெய்த தறி எந்த ஊரில் இருந்தது என்பதை அந்தப் பெயர் சொல்லாது. இவ்வரிசையில்தான் ‘கல்கத்தா கேன்’ என்ற பெயரை எதிர்கொண்டேன். அமெரிக்காவில் கையால் செய்யப்பட்ட தூண்டில் கோல்களின் வரலாற்றை யார் எழுதினாலும் இப்பெயரைத் தொடாமல் கடக்க முடியாது. நகரம் 2001 இல் ‘கொல்கத்தா’ எனப் பெயர் மாறிய பின்னும் பழங்கோல் சேகரிப்போரிடம் பழைய பெயரே நிலைத்திருக்கிறது.

தெற்குக் கொல்கத்தாவில் நான் தங்கியிருக்கும் தெருவின் முனையில் தூண்டில் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். தெருவே அவரைத் ‘தாதா’ என்று அழைக்கிறது. வங்காளியில் அது அண்ணன். ஞாயிற்றுக்கிழமைகளில் குளக்கரைகளுக்குப் போகிறவர்கள் முறிந்த கோலையும் தேய்ந்த பிடியையும் அவரிடம் கொண்டுவருவார்கள். நான் பார்த்த அன்று அவர் மடியில் ஒரு பழைய கோல் கிடந்தது. அதன் தக்கைப் பிடி கறுத்து, ஆங்காங்கே குழி விழுந்திருந்தது. உப்புத்தாளால் அதை மெல்லத் தேய்த்து, உதிர்ந்த தூளை ஒரு காகிதத்தில் சேர்த்துக்கொண்டே வந்தார். பிறகு அந்தத் தூளையே பசையில் குழைத்துக் குழிகளில் அப்பினார்.

“வேறு தூள் போட்டால் ஆகாதா தாதா?” என்று கேட்டேன்.

“நிறம் ஒட்டாது. இதன் குழியை இதன் தூளால்தான் அடைக்க வேண்டும்” என்றார்.

பிடிக்கு இட்ட பொருளைப் பற்றி முதலில் கொஞ்சம். தக்கை என்பது ‘குவெர்கஸ் சூபர்’ என்னும் ஓக் மரத்தின் மேற்பட்டை. போர்ச்சுகல், ஸ்பெயின், வட ஆப்பிரிக்கக் கரைகளில் அது வளர்கிறது. உலகத் தக்கையில் ஏறத்தாழப் பாதி போர்ச்சுகலிலிருந்து வருகிறது. மரம் சுமார் 25 வயதை எட்டிய பிறகே முதன்முறை பட்டை உரிக்கப்படுகிறது. அதன் பின் குறைந்தது 9 ஆண்டு இடைவெளி வேண்டும். மூன்றாம் உரிப்பிலிருந்து கிடைப்பதே உயர்ந்த தரம். அப்படியென்றால் நல்ல பிடியில் உள்ள தக்கை 40 வயதைக் கடந்த மரத்திலிருந்து வந்தது. தாதா அடைத்த குழிகள் பூச்சி அரித்தவை அல்ல. பட்டையின் ஊடாக மரம் மூச்சுவிடும் நுண்குழல்கள் அவை. உள்ளே பழுப்புத் தூள் நிறைந்திருக்கும். குழி குறைந்த தக்கைக்கே விலை அதிகம்.

அறிவியல் வரலாற்றிலும் தக்கைக்கு ஓர் இடம் உண்டு. 1665 இல் வெளியான ‘மைக்ரோகிராஃபியா’ நூலில் ராபர்ட் ஹூக் தக்கையின் மெல்லிய சீவலை உருப்பெருக்கியில் பார்த்து, அதில் தெரிந்த சிற்றறைகளைக் குறிக்கத்தான் ‘செல்’ என்ற சொல்லை ஆண்டார். காற்றடைத்த அந்தச் சிற்றறைகளே தக்கையைக் கனமற்றதாகவும், ஈரத்தில் வழுக்காததாகவும், கைக்குக் குளிராததாகவும் ஆக்குகின்றன.

கோல் செய்பவர் தக்கை வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோலில் கோத்துப் பசையிட்டு இறுக்குகிறார். ஒவ்வொன்றும் சுமார் அரை அங்குலக் கனம். பசை இறுகியதும் கடைசல் இயந்திரத்தில் சுழற்றி, அரத்தாலும் படிப்படியாக நுண்மை கூடும் உப்புத்தாள்களாலும் கைக்கேற்ற வடிவம் தருகிறார். குழியடைப்பு அதன் பிறகு. அடைத்த இடம் சுற்றியுள்ள தக்கையை விடச் சற்றே கறுத்துத் தெரியும். அதனால்தான் அதே பிடியின் தூள் தேவைப்படுகிறது.

நிறமூட்டுவது எளிதன்று. தக்கையின் அறைச்சுவர்களில் சூபரின் என்ற மெழுகுத்தன்மையுள்ள பொருள் உண்டு. அது நீரை ஏற்பதில்லை. நீரில் கரைத்த சாயம் திட்டுத்திட்டாகவே பிடிக்கும். எனவே சாராயத்தில் கரைத்த சாயத்தைச் சிலர் பூசுகிறார்கள். வேறு சிலர், தக்கைத் துண்டுகளை அழுத்திச் செய்த கரும்பழுப்பு வளையங்களை வெளிறிய வளையங்களுக்கு இடையே கோத்து வண்ண வேறுபாடு காட்டுகிறார்கள். மெல்லிய சுடரைக் காட்டி மேற்பரப்பைக் கருக்கி, கரியைத் துடைத்துவிடுவோரும் உண்டு. கடைசியாக அழுக்கும் ஈரமும் ஏறாதிருக்க மெல்லிய மெருகுப் பூச்சு. அது தடித்தால் பிடி பளபளக்கும். ஆனால் ஈரக்கையில் வழுக்கும். பலர் பூசாமலே விட்டுவிடுவது அதனால்தான்.

தாதாவிடம் நிறமூட்டுவது பற்றியும் கேட்டேன். கைவியர்வையில் தானாக ஏறும் நிறம் போதும் என்றார். இளைஞர்கள் கேட்டால் மட்டும் கருக்கித் தருவாராம். பின்பு அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை நிறுத்தியது: “இப்போது கருக்குவது அழகுக்காக. மூங்கில் கோல் காலத்தில் கருகல் வேலையில் வந்தது.”

இனி முதல் தவறு. ‘கல்கத்தா கேன்’ என்பதை நான் ‘கல்கத்தாப் பிரம்பு’ என்று மொழிபெயர்த்திருந்தேன். ஆங்கிலத்தின் ‘கேன்’ என்ற சொல்லில் கரும்பு, பிரம்பு, நாணல், மூங்கில் எல்லாம் அடங்கும். தமிழ் அவற்றைக் கலப்பதில்லை. மூங்கிலுக்குக் கழை, வேய், அமை, பணை, முளை எனப் பல பெயர்கள். பிரம்பு வேறு செடி, அது பனையினத்தைச் சேர்ந்த கொடி. பெரும்பாணாற்றுப்படையில் பாணன் ஒருவன் தூண்டிலிடும் காட்சி வருகிறது. அவன் கோலைக் கழை என்றே கடியலூர் உருத்திரங்கண்ணனார் குறிக்கிறார். இரையைக் கவ்வித் தப்பிய வாளைமீன், நீர் அருகே நிற்கும் பிரம்பின் அசையும் நிழலைக் கண்டும் தூண்டிலோ என்று அஞ்சுகிறது. அந்த அச்சம் நமக்குப் பொருள்படுவது, கழை வேறு, பிரம்பு வேறு என்று அறிந்திருப்பதனால்தான். மீன் மயங்கலாம், மொழியியல் படித்த நான் மயங்கியிருக்கக் கூடாது.

கல்கத்தா கேன் என்பது மூங்கில். பொதுவாக அது ‘டெண்ட்ரோகாலாமஸ் ஸ்ட்ரிக்டஸ்’ என்ற இனமாகக் கொள்ளப்படுகிறது. ஆங்கில வணிகர் அதை ‘ஆண் மூங்கில்’ என்றனர். தமிழில் கல் மூங்கில். சுவர் தடித்து உட்துளை குறுகி, சில இடங்களில் துளையே இல்லாமல் வளரும். காவலர் கைத்தடியும், குதிரைப்படையின் ஈட்டிக் காம்பும், நம்மூர்ச் சிலம்பக் கழியும் அம்மூங்கிலால் ஆனவை. அது விளைந்தது கொல்கத்தாவிற்குத் தொலைவிலுள்ள காடுகளில். கட்டுக்கட்டாகக் கப்பலேறியது ஹூக்ளிக் கரையில்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஈஸ்டன் என்ற ஊர். அங்கே சாமுவேல் ஃபிலிப்பி என்பவர் துப்பாக்கி செய்பவர், வயலினும் செய்தவர். 1840களின் நடுப்பகுதியில் அவர் கல்கத்தா மூங்கிலைப் பட்டைகளாகப் பிளந்து, சீவி, ஒட்டித் தூண்டில் கோல் செய்யத் தொடங்கினார். மூங்கிலின் வலிமை அதன் வெளித்தோலை ஒட்டிய நார்களில் இருக்கிறது, உட்பகுதி மென்மையானது. பட்டைகளை முக்கோணக் குறுக்குவெட்டாகச் சீவி, தோல் வெளிப்புறம் வருமாறு ஒட்டினால் முழுக்கோலும் வலிய நாராலேயே போர்த்தப்பட்டதாகிவிடும். 1870களில் ஹைரம் லியனார்ட் என்பவர் ஆறு பட்டைக் கோல்களை இயந்திரம் கொண்டு வெட்டிப் பெருமளவில் செய்தார். பட்டை வெட்டும் இயந்திரத்தை வேற்றார் கண்ணில் படாமல் பூட்டிய அறையில் வைத்திருந்தார் என்பது அத்தொழிலில் எல்லோரும் அறிந்த கதை.

அக்காலக் கோல்களில் பலவற்றின் பிடி மரத்தாலானது, அல்லது மெல்லிய பிரம்பைச் சுற்றிக் கட்டியது. என் பிழையில் இருந்த ‘பிரம்பு’க்கு உண்மையான இடம் அங்கேதான்: தண்டு மூங்கில், பிடி பிரம்பு. நூற்றாண்டின் இறுதியில் தக்கை அந்தப் பிரம்பை விலக்கியது. மலிவான கோல்களில் மரக்கட்டையின் மேல் தக்கைத் தாளை ஒட்டினர். நல்ல கோல்களில் முழு வளையங்களைக் கோத்தனர்.

கல்கத்தா மூங்கிலின் மேல்தோலில் தீத்தழும்புகள் இருந்தன. கரும்பழுப்பாக, ஒழுங்கற்ற திட்டுகளாக, கழி நெடுகப் படர்ந்திருக்கும். அவை கைவினைஞருக்குப் பெருந்தொல்லை. ஆழக் கருகிய இடத்தில் நார் நொறுங்கும் தன்மை பெறும். அவ்விடத்தைத் தள்ளிவிட்டுத்தான் பட்டை எடுக்க வேண்டும். ஒரு கட்டு மூங்கிலில் பெரும்பகுதி வீணானது. அதே சமயம் எஞ்சிய பட்டைகளில் இருந்த புள்ளியும் புகைநிறமும் வாங்குவோர் கண்ணுக்கு அழகாகப் பட்டன. இத்தழும்பு எப்படி வந்தது? கோல் செய்வோரின் நூல்களில் மூன்று விளக்கங்கள் சுற்றிவருகின்றன: கழியை நிமிர்த்தக் காட்டிய நெருப்பு, பூச்சியை அழிக்கக் காட்டிய நெருப்பு, இந்தியர்களின் ஏதோ ஒரு சமயச் சடங்கு. நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். கட்டுரைக்கு அது சுவையாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் என்னிடம் இருக்கவில்லை.

தாதாவின் சொல்லைக் கேட்ட இரவில் என் தாத்தாவின் நினைவு வந்தது. கும்பகோணம் அருகே எங்கள் ஊரில் அவர் சிலம்பக் கழி செய்வார். பச்சை மூங்கிலை வைக்கோல் நெருப்பில் காட்டுவார். சூடேறியதும் இரு மரக்கட்டைகளுக்கு இடையில் செருகி வளைவை எடுப்பார். பிறகு ஈரத்துணியால் துடைப்பார். அதற்கு எங்கள் வீட்டில் ‘வாட்டுவது’ என்று பெயர். ‘கழியை நல்லா வாட்டணும், எரிக்கக் கூடாது’ என்பார். கணுவுக்குக் கணு ஒரு பழுப்புத் திட்டு நிற்கும். சூட்டில் மூங்கிலின் நார்களைப் பிணைக்கும் லிக்னின் இளகுகிறது. வளைத்துப் பிடித்தபடி ஆறவிட்டால் புதிய வடிவில் இறுகிவிடுகிறது. பச்சை மூங்கிலின் மாச்சத்தை நாடிவரும் துளைப்பூச்சிக்கும் அந்தச் சூடு பகையாகிறது. முதல் இரண்டு விளக்கங்களும் ஒரே வேலையின் இரண்டு பயன்கள்.

தாத்தா வாட்டிய கழியைப் பத்து வயதில் கையில் பிடித்திருக்கிறேன். அந்தத் தழும்பு என் உள்ளங்கைக்குப் பழகியது. ஆயினும் அதே தழும்பை ஓர் அயல்நாட்டு நூலில் சந்தித்தபோது அதைச் சடங்கு என்றே நம்பினேன். தொழிலறிவு செய்ததைச் சமயம் செய்ததாகப் படிப்பது காலனியக் காலத்து எழுத்தின் பழக்கம் என்று வகுப்பறையில் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில்தான் நானும் அதைச் செய்தேன். ஒவ்வொரு கட்டிலும் இருந்த ஒவ்வொரு தழும்புக்கும் நிமிர்த்தலே காரணம் என்று இப்போது வாதிடவில்லை. ஆனால் நீளமான, நேரான கழிகளைக் கட்டி விற்கும் வணிகத்தில் முதலில் எண்ணிப்பார்க்க வேண்டிய காரணம் வாட்டுதல். அதை ஒதுக்கிச் சடங்கைக் கைக்கொள்ள எனக்கு ஆதாரம் எதுவும் இல்லை.

கதை அங்கே முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா மூங்கிலின் இடத்தை ‘டாங்கின் கேன்’ பிடித்தது. கணுக்கள் இடைவிட்டு, நார் அடர்ந்து, தழும்பின்றி வெளிறிய மஞ்சளாக அது வந்தது. இதுவும் துறைமுக வணிகம் இட்ட பெயரே. டாங்கின் என்பது வட வியட்நாம். மூங்கில் வளர்வதோ தென்சீனத்தின் குவாங்டாங் பகுதி மலைச்சரிவுகளில். கான்டன் நகரின் லிங்னான் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் எஃப். ஏ. மெக்ளூர் 1931 இல் அதற்கு ‘அருண்டினேரியா அமபிலிஸ்’ என்று அறிவியல் பெயரிட்டார். லத்தீனில் ‘அமபிலிஸ்’ என்றால் அன்புக்குரியது. 1950 இல் சீனச் சரக்குகளுக்கு அமெரிக்கா தடை விதித்தபோது அந்த வரத்தும் நின்றது; அதற்குள் கண்ணாடியிழைக் கோல்கள் சந்தைக்கு வந்துவிட்டன.

டாங்கின் மூங்கில் தழும்பற்றது. அதனாலேயே அதன் மீது தழும்பு வரைய வேண்டியிருந்தது. கல்கத்தாக் கோலின் புள்ளிநிறத்துக்குப் பழகிய கண்களுக்காகச் சில கைவினைஞர்கள் டாங்கின் மூங்கிலில் சுடர்காட்டித் திட்டுகளை உண்டாக்கினர். இன்றும் ‘சுடரூட்டிய’ கோல்களை விரும்பி வாங்குவோர் உண்டு. முதலில் வேலையின் சுவடு, பிறகு சரக்கின் குறை, பிறகு அழகின் இலக்கணம். இன்று தக்கைப் பிடியைக் கருக்கித் தரச் சொல்லும் கொல்கத்தா இளைஞர் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறார். அவர் தெருவிலிருந்து சிறிது தூரத்தில்தான் அந்தக் கழிகள் கப்பலேறின என்பது அவருக்குத் தெரியாமலிருக்கலாம்.

மெருகிலும் இந்நகரத்துக்குப் பங்கு உண்டு. அமெரிக்க, ஆங்கிலக் கோல்களில் மரத்தையும் பட்டுநூல் கட்டையும் காக்கவும் உலோகப் பூணை ஒட்டவும் அரக்கு பயன்பட்டது. சோட்டா நாகபுரிப் பகுதியில் புரசு, இலந்தை போன்ற மரங்களில் அரக்குப் பூச்சி சுரப்பதைச் சுரண்டி, கழுவி, உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து நொறுக்கினால் கிடைப்பது ‘ஷெல்லாக்’. தமிழில் அதற்கு அழகான சொல் உண்டு: அவலரக்கு. அவல்போல் தட்டையாக இருப்பதால் வந்த பெயர். அதுவும் கல்கத்தா வழியாகவே உலகுக்குப் போயிற்று. 1908 இல் இந்நகரில் தொடங்கிய ஆலையில் அழுத்தப்பட்ட இசைத்தட்டுகளும் அவலரக்கால் ஆனவையே. ராஞ்சி அருகே நாம்குமில் அரக்கு ஆய்வு நிறுவனம் 1924 இல் அமைந்தது. ஆக, பென்சில்வேனியாவின் ஓடையில் ஒருவர் வீசிய கோலில் தண்டும் மெருகும் ஹூக்ளித் துறையைக் கடந்தவை. பிடியின் தக்கை மட்டுமே ஐரோப்பியம்.

அந்தத் தக்கைக்கும் இங்கே ஓர் உள்ளூர் உறவு உண்டு. தமிழில் ‘தக்கை’ என்ற சொல் ஐரோப்பிய ஓக் பட்டைக்காகப் பிறந்ததன்று. கனமற்று மிதப்பதற்கும் துளையை அடைப்பதற்கும் காதுத்துளையில் இடுவதற்கும் அப்பெயர் வழங்கியது. வயலில் பசுந்தாள் உரமாக மடக்கி உழும் தக்கைப்பூண்டு இன்றும் அப்பெயரைத் தாங்குகிறது. புட்டியும் மூடியும் வந்தபோது புதிய பொருள் பழைய சொல்லுக்குள் எளிதாகப் புகுந்தது. வங்காளியில் அந்த இடத்தில் நிற்பது ‘ஷோலா’, நமக்கு நெட்டி. குளங்களில் வளரும் அச்செடியின் வெண்ணிறத் தண்டில் துர்க்கைக்கு அணியும் மணமக்களுக்கு முடியும் செய்கிறார்கள். ஆங்கிலேயர் அணிந்த ‘சோலா தொப்பி’ அதனால் ஆனது; வெயிலுக்கு அணிந்ததால் பின்னர் பலர் அதைச் ‘சோலார்’ என்று எழுதிப் பிழைசெய்தனர். நம் பக்கம் மாட்டுப்பொங்கலுக்கு நெட்டிமாலை. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தூண்டில் மிதப்புக்கும் நெட்டி உதவும்.

தூண்டிலைப் பற்றி இந்தியாவில் எழுதப்பட்ட ஆங்கில நூல்களில் புகழ்பெற்றது எச். எஸ். தாமஸின் ‘தி ராட் இன் இந்தியா’ (1873). அவர் மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி. 1887 இல் குளத்துத் தூண்டிலுக்கென்றே ‘டேங்க் ஆங்ளிங் இன் இந்தியா’ என்ற தனி நூலையும் எழுதினார். இவ்வகை நூல்கள் மீன்பிடிப்பவனுக்காக எழுதப்பட்டவை. கோலின் கதையை அங்கிருந்து மட்டும் எழுதினால் மூங்கில் கடையிலிருந்து தொடங்கும், காட்டிலிருந்து தொடங்காது. அமெரிக்கச் சேகரிப்பாளரின் பட்டியலோ செய்தவர் பெயரிலிருந்து தொடங்கும். ஃபிலிப்பி, லியனார்ட் என்ற பெயர்கள் நிற்கின்றன. அவர்கள் கைக்கு வருமுன் கழியை வெட்டி, வாட்டி, நிமிர்த்திக் கட்டியவர்கள் ‘கல்கத்தா’ என்ற ஒரு சொல்லுக்குள் மறைந்துபோகிறார்கள். ஆனால் அவர்கள் கைவேலை மேற்பரப்பில் இருக்கிறது. கட்டியவரின் கையெழுத்தைப் பிடிக்கு மேலே மையால் எழுதி வார்னிஷ் பூசிக் காப்பார்கள். அதற்குச் சற்று மேலே மூங்கிலில் இருக்கும் பழுப்புத் திட்டும் ஒருவர் கையின் தடமே.

ஆய்வு மாணவர்களுக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடம் இருப்பதாக நினைக்கிறேன். ஒரு பொருளில் உள்ள தழும்புக்கு நூல் ஒரு விளக்கம் தரும்போது, அதே பொருளைக் கையாளும் ஒருவரிடம் போய் அது வேலையில் வருமா என்று கேட்டுவிட்டு எழுதலாம். நான் கேட்டிருந்தால் தெருமுனை வரை நடந்திருப்பேன், அவ்வளவே. கருத்தரங்கத் தொகுப்பு அச்சாகுமுன் அந்தத் தொடரை மாற்றித்தரப் பதிப்பாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். புதிய தொடர் இது: “ஏற்றுமதியான கல்கத்தா மூங்கிலின் தீத்தழும்புகளைக் கழியை வாட்டி நிமிர்த்தும் தொழிலின் சுவடுகளாகப் படிப்பதே பொருத்தம்.”

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் சிலம்பக் கழியோ, தூண்டில் கோலோ, ஏணியோ செய்ய மூங்கிலை நெருப்பில் காட்டுகிறவர்கள் இருப்பார்கள். அச்செயலுக்கும், அதனால் விழும் தழும்புக்கும், தவறிக் கருகிப்போன கழிக்கும் அவர்கள் வழங்கும் சொற்களை மாவட்டப் பெயருடன் பின்னூட்டத்தில் எழுதுங்கள். ‘வாட்டுதல்’ எங்கள் வீட்டுச் சொல் என்று நினைத்திருந்தேன்; அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை உங்கள் சொற்களோடு சேர்த்துத்தான் வரைய முடியும்.

தாதாவின் கோல் வேலை முடிந்துவிட்டது. உரியவர் வந்து வாங்கிப்போனார். பிடிக்கு நிறம் எதுவும் ஏற்றவில்லை. அடைத்த குழிகள் எங்கே என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.